எந்த ரூமிலும் போன், எந்த ரூமிலும் நெட்: வீடு கட்டும்போதே கேபிளுக்குத் திட்டமிடுவது எப்படி?

புது வீடு கட்டும்போது லைட் பாயின்ட் எங்கே, ஏசி எங்கே, கிரைண்டருக்குப் பிளக் எங்கே என்று எலக்ட்ரீஷியனோடு சுவர் சுவராக நின்று பேசுகிறோம். போன், இன்டர்நெட் என்று வந்தால் மட்டும் “டிவி பக்கத்துல ஒண்ணு விட்டுடுங்க, மத்ததுக்கு வைஃபை இருக்கு” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. குடியேறிய பிறகுதான் மாடி பெட்ரூமில் வீடியோ கால் திணறுவதும், கேட் பக்கத்துக் கேமரா அடிக்கடி அறுந்துபோவதும் தெரியவரும். அதற்குள் பூச்சு வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்திருக்கும்.

செங்கல் சுவரும் காங்கிரீட் தளமும் உள்ள நம் வீடுகளில் வைஃபை ஒரு சுவரைத் தாண்டும்போதே இளைத்துப்போகிறது. வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். கம்பி கட்டிப் போட்ட தளத்தைத் தாண்டி மாடிக்கு ஏறுவது அதைவிடக் கஷ்டம். அதனால் வைஃபையே நன்றாக வேலை செய்ய வேண்டும் என்றாலும், மாடிக்கு ஒரு கேபிள் போய் அங்கே தனியாக ஒரு வைஃபை பெட்டி இருந்தாக வேண்டும்.

இந்த வேலையில் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கேபிள் போனுக்கா நெட்டுக்கா என்பதைச் சுவருக்குள் முடிவு செய்யக் கூடாது. எல்லா ரூமுக்கும் ஒரே வகைக் கேபிளை, ஒரே இடத்திலிருந்து இழுத்துவிடுங்கள். எந்த ரூமில் போன், எந்த ரூமில் நெட் என்பதை அந்த ஒரே இடத்தில் ஒரு சிறு ஒயரை மாற்றிச் செருகி எப்போது வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளலாம். மற்றதெல்லாம் இதைச் சாத்தியமாக்கும் வழிகள்தான்.

பழைய போன் ஒயரிங் ஏன் போதாது

பழைய லேண்ட்லைனுக்குத் தேவை இரண்டே கம்பி. வெளியிலிருந்து வரும் ஜோடி ஹாலில் ஒரு பெட்டிக்கு வரும். அதிலிருந்து பெட்ரூமுக்கு ஒரு நீட்டிப்பு. பெட்ரூமிலிருந்து மாடிக்கு இன்னொன்று. ஒரே ஜோடிக் கம்பியை வழியெல்லாம் தட்டி எடுத்தாலும் போனுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாப் போனும் ஒன்றாக மணி அடிக்கும், எதை எடுத்தாலும் பேசலாம்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கு இந்த முறை ஒத்துவராது. இன்றைய ஈதர்நெட் (கம்பி வழி நெட்வொர்க்) கேபிளுக்கு முனைகள் இரண்டுதான்: ஒன்று ரவுட்டர் அல்லது நெட்வொர்க் ஸ்விட்ச் (நெட் இணைப்பைப் பல கேபிளுக்குப் பகிரும் பெட்டி) பக்கம், மற்றொன்று கம்ப்யூட்டரோ டிவியோ இருக்கும் பக்கம். நடுவில் கிளை பிரித்தால் சிக்னல் அந்தக் கிளையில் மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். அதனால் ஒவ்வொரு பாயின்ட்டிலிருந்தும் நடுவில் ஒட்டில்லாத தனித்தனிக் கேபிள் மையத்துக்கு வர வேண்டும்.

போனுக்கு இந்த மைய முறை அவசியமில்லைதான். ஆனால் இப்படிப் போட்டால் அதற்கு எந்தக் குறையும் வராது. ஆகவே இரண்டில் கண்டிப்பான ஈதர்நெட்டின் விதிக்கே வீடு முழுவதையும் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கேபிளுக்குள் என்ன இருக்கிறது

ஒரு நெட்வொர்க் கேபிளை உரித்தால் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முழு நிறம், மற்றொன்று வெள்ளையில் அந்த நிறக் கோடு. ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் முறுக்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுவதற்காகத்தான் அந்த முறுக்கு. மறுமுனையில் உள்ள கருவி இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அந்த இரைச்சல் கழிந்துவிடும். டெலிபோன் லைனில் பக்கத்து லைன் பேச்சு கேட்காமல் இருக்க அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். போனுக்காகப் பிறந்த அந்த யுக்தியில்தான் இன்றைய கிகாபிட் இன்டர்நெட்டும் ஓடுகிறது.

இனி சாக்கெட். சுவரில் வரும் ஆர்ஜே45 சாக்கெட்டில் எட்டுப் பின்கள். நடுவில் உள்ள 4, 5 என்ற இரண்டு பின்னுக்கும் வருவது நீல ஜோடி. போனின் சிறிய ஆர்ஜே11 பிளக்கிலும் லைன் வருவது நடு இரண்டு பின்னில்தான். ஆகவே போன் பிளக்கை ஆர்ஜே45 சாக்கெட்டில் செருகினால், அது நேராக நீல ஜோடியில் போய் உட்காரும். இது தற்செயலாக அமைந்ததல்ல. போனும் டேட்டாவும் ஒரே சாக்கெட்டைப் பகிர வேண்டும் என்று எண்ணி அமைத்த ஏற்பாடு.

ஒரு எச்சரிக்கை: சிறிய பிளக்கின் ஓரம் அகலமான சாக்கெட்டின் ஓரப் பின்களை அழுத்தி வளைத்துவிடலாம். ஒரு பாயின்ட்டில் போன் நிரந்தரமாக இருக்கப்போகிறது என்றால், ஒரு முனையில் ஆர்ஜே11, மறுமுனையில் ஆர்ஜே45 உள்ள கார்டை (cord, சிறு இணைப்பு ஒயர்) வாங்கிப் போடுங்கள். விலை சொற்பம்.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் செம்புக் கம்பி லைனில் சும்மா இருக்கும்போதே சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். மணி அடிக்கும்போது அதன்மேல் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் ஏறும். அந்த லைனைத் தவறிப்போய் கம்ப்யூட்டரிலோ ஸ்விட்ச்சிலோ செருகினால் போர்ட் கெடக்கூடும். போன் செல்லும் சாக்கெட்டுக்கும் கார்டுக்கும் ஒரு தனி நிறம் ஒதுக்கிவிட்டால் இந்தத் தவறு நேராது.

மையம் எங்கே இருக்க வேண்டும்

எல்லாக் கேபிளும் வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு சுவர்ப் பெட்டி, அதற்குள் பேட்ச் பேனல், ரவுட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச், ஃபைபர் கம்பெனி தரும் ஓஎன்டி பெட்டி (ஃபைபர் வந்து முடியும் கருவி) ஆகியவை இருக்கும். பேட்ச் பேனல் என்பது வரிசையாகச் சாக்கெட்டுகள் உள்ள ஒரு பட்டை. ஒவ்வொரு ரூமிலிருந்தும் வரும் கேபிள் அதன் பின்பக்கத்தில் நிரந்தரமாக முடியும். முன்பக்கத்திலிருந்து சிறு பேட்ச் கார்டு போட்டு ஸ்விட்ச்சுக்கோ போன் லைனுக்கோ இணைப்பீர்கள். மேலே சொன்ன “மாற்றிச் செருகும்” வேலை நடப்பது இங்கேதான். பெட்ரூம் பாயின்ட் இன்றைக்குப் போன், அடுத்த மாதம் அதே இடம் ஆஃபீஸ் மேஜை என்றால், கார்டைக் கழற்றி ஸ்விட்ச்சில் செருகினால் வேலை முடிந்தது.

இதற்கு ஏற்ற இடம் மாடிப்படிக்குக் கீழே, அல்லது ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் இடையில் உள்ள கப்போர்டு, அல்லது எட்டும் உயரத்தில் உள்ள பரண். காற்றோட்டம் வேண்டும், தண்ணீர்க் குழாய் மேலே போகக் கூடாது, பூஜை அறையின் எண்ணெய்ப் புகையும் சமையலறை ஆவியும் எட்டக் கூடாது. மின்சார மெயின் போர்டுக்கு அருகில் வைப்பது வசதி என்று எலக்ட்ரீஷியன் சொல்வார். அருகில் இருக்கலாம், அதே பெட்டிக்குள் கூடாது. இந்த இடத்தில் இன்வெர்ட்டர் லைனில் நான்கு பிளக் பாயின்ட் கேட்டு வாங்குங்கள். அது ஏன் முக்கியம் என்பது போன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரியும்.

முன்பு கரன்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும். அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரியிலிருந்து அதே கம்பி வழியாக வந்தது. இன்று பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் என்று யாரிடம் ஃபைபர் வாங்கினாலும், கண்ணாடி இழை வழியே வீட்டுக்கு மின்சாரம் வராது. ஓஎன்டி பெட்டிதான் போன் லைனை உருவாக்கித் தருகிறது. அதன் பின்பக்கத்தில் ‘போன்’ அல்லது ‘டெல்’ என்று எழுதிய சிறு சாக்கெட் இருக்கும். வீட்டில் கரன்ட் போனால் ஓஎன்டி அணையும், நெட்டோடு லேண்ட்லைனும் சேர்ந்து போகும். வயதான பெற்றோர் அந்தப் போனை நம்பியிருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் அல்ல. பல ஓஎன்டிகளும் ரவுட்டர்களும் 12 வோல்ட்டில் ஓடுபவை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், அடாப்டரின் வோல்ட், ஆம்பியர் பார்த்து அதற்கேற்ற ஒரு சிறு 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

ஓஎன்டியின் போன் சாக்கெட்டிலிருந்து ஒரு கார்டு பேட்ச் பேனலுக்குப் போனால் வீட்டில் நீங்கள் விரும்பும் ரூமில் போன் வந்துவிடும். இரண்டு மூன்று ரூமில் வேண்டுமென்றால் அந்த ஜோடியை மையத்திலேயே இணையாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் ஓஎன்டிக்கு எக்ஸ்சேஞ்ச் அளவுக்கு மணி அடிக்கும் சக்தி கிடையாது. மணி ஒலிக்கும் பழைய கனமான போன்களை வரிசையாக மாட்டினால் எதுவுமே சரியாக அடிக்காமல் போகலாம். இரண்டு மூன்று ஹேண்ட்செட் உள்ள கார்ட்லெஸ் போன் ஒன்று வாங்கினால் ஒரே பாயின்ட் போதும்.

கேபிளைவிடப் பைப் முக்கியம்

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். கேபிளை நாளைக்கு மாற்றலாம். தளத்துக்குள் பைப் இல்லை என்றால், கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை வெட்டுவதைத் தவிர வழியில்லை. ஆகவே முடிவு எடுக்க வேண்டிய நாள், தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள். கையில் காசு குறைவாக இருந்தால் பைப்பை மட்டும் எல்லா இடத்துக்கும் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரண்டு முனையையும் அடைத்து வையுங்கள். கேபிள் பிறகு வரட்டும்.

அளவு முக்கியம். கேட் 6 (Cat 6, நெட்வொர்க் கேபிளில் ஒரு தர வகை) கேபிள் ஒன்றின் தடிமன் சுமார் 6 மி.மீ. பைப்பின் உள் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பொது விதி. அந்தக் கணக்கில் 20 மி.மீ. பைப்பில் இரண்டு, 25 மி.மீ. பைப்பில் நான்கு கேபிள் சிரமமில்லாமல் போகும். கரன்ட் வேலைக்கு வாங்கிய பைப் மிச்சம் இருக்கிறது என்று மெல்லியதைப் போடச் சம்மதிக்காதீர்கள். டேட்டாவுக்கு 25 மி.மீ.க்குக் குறையாமல் கேளுங்கள். தளத்துக்குள் போவது மீடியம் அல்லது ஹெவி தடிமனாக இருக்கட்டும். மேலே ஆட்கள் நடந்து காங்கிரீட் கொட்டும்போது மெல்லிய பைப் நசுங்கிவிடும்.

வளைவுகளில்தான் வேலை கெடும். சடாரென்று திரும்பும் எல்போ வேண்டாம். நீளமாக வளையும் பென்ட் போடச் சொல்லுங்கள். கேபிளின் தடிமனைப் போல் நான்கு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் அது வளையக் கூடாது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இரண்டு வளைவுக்கு மேல் இருந்தால் கேபிள் இழுபடாது. பலம் போட்டு இழுத்தால் உள்ளே முறுக்கு குலையும். சுமார் 11 கிலோ விசைதான் அதற்குத் தாங்கும். மூன்றாவது வளைவு தேவைப்படும் இடத்தில் நடுவே ஒரு ஜங்ஷன் பெட்டி வையுங்கள்.

கரன்ட் ஒயர் போகும் பைப்பிலேயே டேட்டா கேபிளையும் போட்டுவிடலாம் என்று வேலை ஆட்கள் சொல்வதுண்டு. இதற்கு எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரைச்சல் ஏறும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம் உயிர்: கரன்ட் ஒயரின் உறை எங்காவது கிழிந்தால் 230 வோல்ட் நீங்கள் கையில் பிடித்திருக்கும் போனுக்கோ லேப்டாப்புக்கோ வரும். தனிப் பைப், தனிப் பெட்டி. இணையாகப் போகும் இடங்களில் ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஏசி, மோட்டார் லைனிலிருந்து இன்னும் விலகியிருப்பது நல்லது.

மறந்துபோகும் பைப்புகள் மூன்று. தெருவிலிருந்து அல்லது மொட்டை மாடியிலிருந்து மையத்துக்கு ஃபைபர் வருவதற்கு ஒன்று. இது இல்லாததால்தான் புது வீட்டு ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு ஒயரைத் தொங்கவிடுகிறார்கள். மையத்திலிருந்து மேல்தளத்துக்கு நேராக ஏறும் தடித்த பைப் ஒன்று. மூன்றாவது, டிவிக்குப் பின்னால் உள்ள பெட்டியிலிருந்து டிஷ் ஆன்டெனா இருக்கும் மொட்டை மாடிக்கு.

எந்தக் கேபிள், எத்தனை பாயின்ட்

வீட்டுக்குக் கேட் 6 போதும். 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் கொடுக்கும், 55 மீட்டருக்குள் 10 கிகாபிட்டும் தாங்கும். நம் வீடுகளில் ஒரு கேபிள் 30 மீட்டரைத் தாண்டுவதே அரிது. அந்த 100 மீட்டர் என்பது சுவருக்குள் 90, இரண்டு முனையிலும் உள்ள கார்டுகளுக்கு 10 என்று சேர்ந்தது. கேட் 7, கேட் 8 என்று கடைக்காரர் ஏற்றிச் சொன்னால் காசைப் பைப்புக்கும் சாக்கெட்டுக்கும் செலவழியுங்கள். போனுக்கு இதில் நூறில் ஒரு பங்குத் தரம்கூடத் தேவையில்லை. ஆனால் போனுக்கென்று மட்டமான கேபிள் போட்டால் அந்தப் பாயின்ட் என்றைக்கும் போன் பாயின்ட்டாகவே நின்றுவிடும்.

கேட்டு உறுதி செய்ய வேண்டியது செம்பு. சந்தையில் ‘சிசிஏ’ என்று வருவது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம். விலை குறைவு, பெட்டி கனமில்லாமல் இருக்கும். வளைத்தால் உடையும், மின்தடை அதிகம், கேமராவுக்கு இதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடாகும். முழுச் செம்பு என்று பெட்டியில் எழுதியிருப்பதை வாங்கி, ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் அந்த முறைக்கு பிஓஇ என்று பெயர். 2009-இல் வந்த தரத்தில் ஒரு போர்ட்டிலிருந்து 30 வாட் வரை அனுப்பலாம். கூரையில் மாட்டும் வைஃபை பெட்டி, கேட் கேமரா, ஐபி போன் (நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்) இவற்றுக்கெல்லாம் அங்கே பிளக் பாயின்ட்டே தேவையில்லை. மையத்தில் ஒரு யுபிஎஸ் இருந்தால் கரன்ட் போனாலும் எல்லாம் ஓடும்.

கீழே ஹால், சமையலறை, ஒரு பெட்ரூம். மேலே ஹால், இரண்டு பெட்ரூம் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழ் ஹாலில் டிவிக்குப் பின்னால் இரண்டு, சோபா பக்கம் போனுக்கு ஒன்று. பெட்ரூம் மூன்றிலும் இரண்டிரண்டு. கட்டில் தலைமாட்டில் ஒன்று, மேஜை வரக்கூடிய சுவரில் ஒன்று. மேல் ஹாலில் ஒன்று. தளத்துக்கு ஒன்றாகக் கூரையில் வைஃபை பெட்டிக்கு இரண்டு. கேட்டுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் கேமரா இரண்டு. மொத்தம் 14. சராசரியாக 15 மீட்டர் என்றால் 210 மீட்டர். 305 மீட்டர் பெட்டி ஒன்று போதும், தவறினால் மாற்றி இழுக்கவும் மிச்சம் இருக்கும். பேட்ச் பேனல் 24 சாக்கெட் உள்ளது, ஸ்விட்ச் 16 போர்ட். சமையலறைக்குச் சாக்கெட் வேண்டாம், பைப் மட்டும் விட்டு வையுங்கள்.

முனை கட்டும்போது கவனிக்க வேண்டியவை

நிற வரிசையில் டி568ஏ, டி568பி என்று இரண்டு முறை உண்டு. ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், அவ்வளவுதான். நீலம் இரண்டிலும் நடுவில்தான். எதையாவது ஒன்றைத் தேர்ந்து வீடு முழுக்க அதையே பின்பற்றுங்கள். அதிகம் புழங்கும் டி568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. சாக்கெட்டில் பதிக்கும்போது ஜோடியின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக் கூடாது.

முனை கட்டியவுடன் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத பேட்ச் பேனல் சில மாதத்திலேயே புதிராகிவிடும். எட்டு விளக்கு உள்ள மலிவான டெஸ்டர் ஒன்றால் ஒவ்வொரு கேபிளையும் வேலை ஆள் போவதற்கு முன் அவர் எதிரிலேயே சோதித்துவிடுங்கள். போன் மட்டும் இருக்கப்போகும் பாயின்ட்டையும் எட்டுக் கம்பியும் கட்டித்தான் முடிக்க வேண்டும். “போனுக்கு ரெண்டு போதுமே சார்” என்று ஆறை வெட்டிவிடுவது இன்றும் நடக்கிறது. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து வைத்தால், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

கட்டி முடித்த வீட்டில்

பழைய வீட்டில் போனுக்கென்று போட்ட பைப் இருந்தால், உள்ளிருக்கும் பழைய ஒயரையே கயிறாக்கிக் கேட் 6-ஐக் கட்டி இழுத்துப் பாருங்கள். பல வீடுகளில் வந்துவிடும். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ள. ஏற்கெனவே ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் போயிருக்கிறது, அங்கே போனும் நெட்டும் வேண்டும் என்றால் ஓர் அவசர வழி உண்டு. 100 மெகாபிட் ஈதர்நெட் 1, 2, 3, 6 ஆகிய பின்களைத்தான் பயன்படுத்தும்; நீல ஜோடி சும்மா இருக்கும். அதைப் பிரித்துப் போனுக்குக் கொடுக்கலாம். இதில் இழப்பு என்னவென்றால், நான்கு ஜோடியும் தேவைப்படும் கிகாபிட் அந்தக் கேபிளில் கிடைக்காது. பிஓஇ போகும் கேபிளிலும் இதைச் செய்யக் கூடாது. சில பிஓஇ கருவிகள் மின்சாரம் அனுப்புவதே அந்த நீல ஜோடியில்தான்.

தோட்டத்துக்கு அப்பால் உள்ள அவுட்ஹவுஸுக்கோ, பக்கத்தில் உள்ள தம்பி வீட்டுக்கோ செம்புக் கேபிளைத் திறந்தவெளியில் இழுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அருகில் எங்காவது இடி விழுந்தாலே அந்தக் கம்பியில் ஏறும் மின்னழுத்தம் இரண்டு வீட்டுக் கருவிகளையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உலோகக் கம்பி சேராத ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் சிறு பெட்டி) வையுங்கள். போன் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் ஓர் ஐபி போன் மாட்டிக்கொள்ளலாம்.